தோப்பில் ஓடும் யந்திரமும் அதன் விலையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தேவதானம், சேத்தூர் தொடங்கி ராஜபாளையம், மம்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பு வரையில் நீண்டு கிடக்கும் மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும், ஐப்பசி கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த சில வாரங்களுக்குள்ளேயே கோரையும் அருகும் நாயுருவியும் பார்த்தீனியமும் முழங்காலைத் தொடும் அளவுக்கு வளர்ந்து, மரத்துக்கு வைத்த உரத்தையும் மண்ணில் தங்கிய ஈரத்தையும் உறிஞ்சத் தொடங்கிவிடுகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் களையை அகற்றும் வேலை மண்வெட்டிக்கும் பன்னரிவாளுக்கும் உரியதாக இருந்தது. இப்போது பெரும்பாலான தோப்புகளில் அதைச் செய்வது, தோளில் வார் போட்டு மாட்டிக்கொள்ளும், ‘பிரஷ் கட்டர்’ என்றும் ‘புல் வெட்டுற மெஷின்’ என்றும் வழங்கும் சிறு யந்திரமே. கூலிக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட காலத்தில் இம்மாற்றம் இயல்பானது; அதைக் குறித்து வருந்துவதில் பிரயோஜனம் இல்லை. ஆனால் எந்த யந்திரத்தை வாங்குவது என்பதில் சிந்திக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

கடையில் ஒரே சுவரில் சாய்த்து வைத்திருக்கும் இரண்டு யந்திரங்களில் ஒன்றின் விலை ஒன்பதாயிரம் ரூபாயை ஒட்டியும், மற்றொன்றின் விலை முப்பதாயிரத்தைக் கடந்தும் நிற்கிறது. இரண்டிலும் ஒரு நீண்ட அலுமினியக் குழல். அதன் ஒரு முனையில் பெட்ரோல் எஞ்சின். மறுமுனையில் சுழலும் தகடு அல்லது நைலான் கயிறு. நடுவே இரு கைகளாலும் பற்றிக்கொள்ளும் கைப்பிடி. கண்ணுக்குத் தெரிகிற அங்கங்கள் ஒன்றே. விலையோ மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. இந்த வேறுபாட்டில் பெயருக்காகக் கொடுப்பது எவ்வளவு, பொருளுக்காகக் கொடுப்பது எவ்வளவு என்பதைச் சற்றுப் பொறுமையோடு பிரித்துப் பார்ப்போம்.

புல்லை யந்திரத்தால் வெட்டலாம் என்ற எண்ணமே ஒரு துணியாலையில் பிறந்தது என்பது, நூற்பாலைகளால் வளர்ந்த ராஜபாளையத்தின் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி. இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் வட்டாரத்து ஸ்ட்ரவுட் என்ற ஊருக்கு அருகே வாழ்ந்த எட்வின் பட்டிங் என்பவர், நெய்து முடித்த கம்பளித் துணியின்மேல் சிலிர்த்து நிற்கும் இழைகளை ஒரே மட்டமாகக் கத்தரிக்கும் ஆலை யந்திரத்தைக் கண்டு, அதே சுழல்கத்தியைத் தரையில் உருட்டிச் சென்றால் புல்லையும் அவ்வாறே மட்டமாக வெட்டலாம் என்று கருதி, 1830இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் எஞ்சினும் நைலான் கயிறும் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தவை. 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளின் இழைகள் வேகத்தினால் விறைத்து நிற்பதைக் கவனித்து, ஒரு தகர டப்பாவில் துளையிட்டு மீன்பிடி நரம்பைக் கோத்துச் சுழற்றிப் பார்த்தார். கயிற்றால் புல் அறுக்கும் கருவி அங்கிருந்து தொடங்கியது. தளர்ந்து தொங்கும் நரம்பு சுழற்சியின்போது கத்தியைப்போல் விறைப்பதற்குக் காரணம், அதன் ஒவ்வொரு துணுக்கும் நேர்கோட்டில் விலகி ஓட முயல்வதும், நரம்பின் இழுவிசை அதை மையத்தை நோக்கிப் பிடித்து நிறுத்துவதுமே.

விலைக்கு வருவோம். பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936இல் நிறுவிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக இவ்வூரில் எழுந்த நூற்பாலைகளுக்குள் நுழைந்து பார்த்தால், நூல் முறுக்கும் கதிர்கள் நிமிடத்துக்கு 15,000 முதல் 20,000 சுற்றுகள் வரை, இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில் சுழன்றுகொண்டிருப்பதைக் காணலாம். அந்தக் கதிரின் அடியில் இருக்கும் பேரிங் மயிரிழை அளவு தேய்ந்தாலும் கதிர் ஆடும். கதிர் ஆடினால் நூல் அறும். நூல் அறுந்தால் உற்பத்தி குறையும். ஆகையால் ஆலையில் பராமரிப்புப் பணி செய்கிறவர்கள், ஓர் உருண்டைப் பேரிங்கின் விலையைக் கேட்பதற்கு முன் அது எத்தனை ஆயிரம் மணி ஓடும் என்று கேட்கப் பழகியிருக்கிறார்கள். தோப்பில் ஓடும் எஞ்சினுக்கும் இந்தக் கேள்விதான் பொருந்தும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 7,000 சுற்றுகள் சுழலும் அதன் தண்டையும் தாங்கி நிற்பவை பேரிங்குகளே; வாங்குகிறவர்களில் மிகச் சிலரே அவற்றைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

பேரிங்கின் ஆயுளைக் கணிக்கும் முறையை ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இருவர் 1947இல் ஒரு சூத்திரமாக வகுத்தார்கள். உருண்டைப் பேரிங்கின்மேல் விழும் பாரம் இரட்டித்தால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மையில் அது எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது, ஏனெனில் ஆயுள் பாரத்தின் மூன்றாம் மடிக்கு எதிர்விகிதமாக அமைகிறது. இந்த ஒரு விதியிலிருந்தே விலை குறைந்த யந்திரத்தின் பல நோய்கள் விளங்கிவிடும். வார்ப்பு சற்றே கோணியிருந்தாலோ, தண்டு முழு நேர்மையாக இல்லாவிட்டாலோ, சுழலும் தகட்டின் ஒரு பக்கம் கூடுதல் கனமாக இருந்தாலோ பேரிங்கின்மேல் விழும் பாரம் கொஞ்சமே ஏறும். ஆயுளோ பெரிதும் இறங்கிவிடும். விலை உயர்ந்த யந்திரத்தில் நாம் பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இந்தக் கண்ணுக்குப் புலப்படாத நேர்த்தியைத்தான்: தண்டை வார்க்காமல் உலைக்களத்தில் அடித்துச் செய்திருப்பது, சிலிண்டரின் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த கடினமான பூச்சைச் சீராக ஏற்றியிருப்பது, ஒவ்வோர் உறுப்பையும் அளந்து பார்த்துப் பொருந்தாததை ஒதுக்கியிருப்பது. இந்த ஒதுக்குதலுக்கு ஆகும் செலவு சிறிதல்ல. மலிவான சரக்கில் அந்தப் பரிசோதனையை வாங்கியவரே, தம்முடைய தோப்பில், தம்முடைய செலவில் நடத்திக்கொள்கிறார்.

இங்கே எஞ்சினின் அளவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் வாங்குவோர் அதிகமாக ஏமாறும் இடம் இதுவே. யந்திரத்தின்மேல் பெரிய எழுத்தில் 52 சிசி என்றோ 63 சிசி என்றோ ஒட்டியிருப்பார்கள். எண் பெரிதாக இருந்தால் சக்தியும் பெரிது என்று நாம் கொள்கிறோம். சிசி என்பது பிஸ்டன் மேலும் கீழும் நகரும்போது கடக்கும் வெளியின் கன அளவு. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் தெரிந்தால் பள்ளிக்கூடத்துக் கணக்கைக் கொண்டே அதைக் கண்டுபிடித்துவிடலாம். சீனத்தில் தயாராகும் சிறு எஞ்சின்களின் பெயரிலேயே இந்த ரகசியம் அடங்கியிருக்கிறது. 1ஈ44எஃப் என்று பொறித்திருந்தால், முதல் 1 ஒற்றைச் சிலிண்டரையும், ஈ இரண்டு வீச்சு எஞ்சினையும், 44 சிலிண்டரின் விட்டம் 44 மில்லிமீட்டர் என்பதையும், எஃப் காற்றால் குளிரும் அமைப்பையும் குறிக்கின்றன. அவ்வகையில் பிஸ்டன் நகரும் தூரம் வழக்கமாக 34 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் 51.7 சிசி வருகிறது. 1ஈ40எஃப் என்றிருந்தால் 42.7 சிசி. மேலே 63 என்று ஒட்டி, உள்ளே 44 என்று பொறித்திருக்குமானால் எதை நம்புவது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கடைத் தம்பியிடம் ‘போர்’ என்ற விட்டம் எவ்வளவு, ‘ஸ்ட்ரோக்’ என்ற நகரும் தூரம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அந்த இரண்டு எண்களையும் கொண்டு கையிலிருக்கும் போனில் கணக்கிட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

சிசி சரியாகவே இருந்தாலும் அது சக்தியின் அளவு ஆகிவிடாது. ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 என்ற நான்கு வீச்சு எஞ்சின் 35.8 சிசி மட்டுமே. அது தரும் சக்தி ஏறக்குறைய ஒரு கிலோவாட். அதைவிடப் பெரிய மலிவு எஞ்சின் சற்றுக் கூடுதலான சக்தியைத் தரலாம். ஆனால் அதற்காக அது குடிக்கும் பெட்ரோலின் கணக்கு வேறு. 1890களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே வகுத்த எளிய இரண்டு வீச்சு அமைப்பில், புதிய பெட்ரோல் கலவை உள்ளே வருவதும் எரிந்த புகை வெளியே போவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நிகழ்வதால், உள்ளே வந்த கலவையில் நான்கில் ஒரு பங்கை ஒட்டிய அளவு எரியாமலேயே புகையோடு கலந்து வெளியேறிவிடுகிறது. மலிவு எஞ்சின்கள் பெரும்பாலும் இந்தப் பழைய அமைப்பிலேயே இயங்குகின்றன. உயர்விலை மாதிரிகள் சிலவற்றில், கலவைக்கு முன்னால் வெறுங்காற்று ஒரு படலமாக நுழைந்து புகையை வெளியே தள்ளும்படி செய்திருப்பதால் அந்த நஷ்டம் வெகுவாகக் குறைகிறது. நான்கு வீச்சு எஞ்சினில் அது அநேகமாக இல்லை என்றே சொல்லலாம்.

2023 பிப்ரவரியில் அறிமுகமாகி நாடெங்கும் பரவிய, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலும் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. சில வகை ரப்பரை ஊதவும் இறுகவும் செய்வது. இச்சிறு எஞ்சின்களின் கார்புரேட்டருக்குள் மெல்லிய ரப்பர்ச் சவ்வு ஒன்று துடித்துத் துடித்துத்தான் பெட்ரோலை அளந்து அனுப்புகிறது. அந்தச் சவ்வின் தரம் மட்டமாக இருந்தால், டாங்கில் பெட்ரோலை நிரப்பியபடியே அடுத்த மழை வரைக்கும் மூலையில் போட்டு வைத்த யந்திரம் மீண்டும் கிளம்ப மறுப்பது திண்ணம். எத்தகைய விலையில் வாங்கியதானாலும், வேலை முடிந்ததும் டாங்கை வடித்து, மிச்சமுள்ளது தீரும்வரை எஞ்சினை ஓட்டி அணைப்பதே முறை.

இனி இந்த அத்தியாயத்தின் தலையாய விஷயத்துக்கு வருகிறேன். அது யந்திரத்தைப் பிடித்திருக்கும் கை.

பிஸ்டனின் எடையை நூறு கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது 34 மில்லிமீட்டர் தூரத்தை நிமிடத்துக்கு 7,000 தடவை ஏறியிறங்குமானால், ஒவ்வொரு முனையிலும் அதைத் தடுத்துத் திருப்புவதற்குத் தேவைப்படும் விசை ஏறக்குறைய 90 கிலோ எடைக்குச் சமமாகிறது. வினாடிக்கு 117 முறை இந்த அதிர்ச்சி எஞ்சினுக்குள் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. எதிரெடை வைத்து அதில் ஒரு பகுதியைச் சமன்செய்யலாம். முழுவதையும் ஒற்றைச் சிலிண்டரில் சமன்செய்ய இயலாது. எஞ்சியது குழல் வழியே இறங்கிக் கைப்பிடிக்கு வருகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இவ்விசை பெருகுவதால், ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்து 9,000 சுற்றுக்கு ஏற்றினால் அதிர்ச்சி ஒன்றரை மடங்கையும் தாண்டிவிடும். நல்ல யந்திரத்தில் எஞ்சினுக்கும் குழலுக்கும் நடுவே, எஞ்சினின் துடிப்பைக் காட்டிலும் மிக மெதுவாக ஆடும்படி கணித்துச் செய்த ரப்பர்த் தாங்கிகளோ சுருள்வில்களோ இருக்கும். துடிப்பு வேகமாகவும் தாங்கி மந்தமாகவும் இருக்கும்போது துடிப்பு அதைக் கடந்துபோவதில்லை. குழலின் உள்ளே ஓடும் நீண்ட தண்டுக்கு இடையிடையே போதிய புஷ்கள் இருந்தால் தண்டு வளைந்து அலைவதும் நிற்கும். மலிவு யந்திரத்தில் ரப்பர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எந்தத் துடிப்புக்காகக் கணிக்கப்பட்டது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது.

இந்த அதிர்வு கையை என்ன செய்யும் என்பதை உலகம் அறிந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் இந்தியானா மாநிலத்துப் பெட்போர்டு என்ற ஊரில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளிகளைப் பரிசோதித்து, அவர்களுடைய விரல்கள் குளிர்ந்த காலை வேளைகளில் இரத்த ஓட்டம் அற்று வெளுத்து மரத்துப்போவதை ஆராய்ந்து எழுதினார். ராஜபாளையத்தின் வெப்பத்தில் விரல் வெளுப்பது பெரும்பாலும் கண்ணில் படாது. அதனால் தீங்கு இல்லை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. உஷ்ண தேசங்களில் அது மரத்துப்போதலாகவும், விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்ச்சியாகவும், பிடி தளர்வதாகவும் தலைகாட்டுகிறது. இரவில் கை மரத்துத் தூக்கம் கலைகிற தொழிலாளி, பகலெல்லாம் தான் பிடித்திருந்த யந்திரத்தோடு அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஐரோப்பிய நாடுகள் 2002இல் பிறப்பித்த விதி ஒன்று இவ்வதிர்வுக்கு ஓர் அளவை நிர்ணயித்தது: எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக 2.5 மீட்டர்/வினாடி² என்ற அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 என்பது மீறவே கூடாத எல்லை. இந்தக் கணக்கும் வர்க்கத்தைச் சார்ந்தது. கைப்பிடியின் அதிர்வு 2.5 ஆனால் எட்டு மணி நேரம் அந்த முதல் அளவுக்குள் வேலை செய்யலாம். 5 ஆனால் இரண்டு மணி நேரந்தான். 10 ஆனால் அரை மணி நேரத்திலேயே அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது. அதிர்வு நான்கு மடங்கு ஏறினால் காலம் பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒலிக்கும் இத்தகைய கணக்கு உண்டு. காதின் அருகே 85 டெசிபல் இருந்தால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றும், அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் காலத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் தொழில்நல ஆராய்ச்சியாளர்கள் வகுத்திருக்கிறார்கள்; 97 டெசிபலில் முழங்கும் யந்திரத்தோடு காதை மூடாமல் வேலை செய்யத்தக்க காலம் அரைமணியே. நம் தோப்புகளில் ஒருவர் காலை ஏழு மணிக்குத் தோளில் மாட்டிய யந்திரத்தை, டாங்க் நிரப்பும் நேரம் போக, நண்பகல் வரை இறக்குவதில்லை. காதில் பஞ்சுகூட இருப்பதில்லை.

யந்திரத்தை வாங்குகிறவர் ஒருவர், அதைப் பிடிக்கிறவர் வேறொருவர் என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்தும் விஷயம். விலையில் மிச்சம் பிடித்த இருபதாயிரம் ரூபாய் தோப்புக்காரரின் கணக்கில் வரவாகிறது. அதற்கு ஈடான செலவு கூலிக்காரரின் நரம்பில் எழுதப்படுகிறது. இரண்டு கணக்குகளும் ஒரே ஏட்டில் வருவதில்லை. தம்முடைய கைகளாலேயே நாளெல்லாம் வெட்டவேண்டியிருந்தால் எந்த யந்திரத்தை வாங்குவாரோ, அதையே தோப்புக்காரர் தம் வேலையாளுக்கும் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அப்படியானால் மலிவு யந்திரத்தை வாங்கவே கூடாதா என்று கேட்கலாம். அவ்வாறு சொல்வது அநியாயம். வீட்டைச் சுற்றிப் பத்துச் சென்ட் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் ஆண்டு முழுவதிலும் இருபது மணி நேரத்துக்குமேல் புல் வெட்டப்போவதில்லை. ஒன்பதாயிரம் ரூபாய் யந்திரம் முந்நூறு மணி நேரமே உழைக்கும் என்று குறைத்தே மதிப்பிட்டாலும், அவருக்கு அது பதினைந்து ஆண்டுகளுக்குக் காணும். ஒரு தடவைக்கு அரைமணிக்கு மேல் பிடிக்காதவருக்கு அதிர்வும் பெரிய ஆபத்தாகாது. அவர் முப்பத்திரண்டாயிரம் கொடுத்து வாங்கினால், தமக்குத் தேவைப்படாத ஆயுளுக்கு விலை கொடுக்கிறார். கூலிக்கு யந்திரம் ஓட்டிப் பிழைப்பவரின் நிலை இதற்கு நேர்மாறு. நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு நூற்றைம்பது நாள் என்று கொண்டால் தொள்ளாயிரம் மணி ஆகிறது. மலிவு யந்திரம் ஆண்டுக்கு மூன்று வேண்டும், அதுவே இருபத்தேழாயிரம். விலை உயர்ந்தது ஆயிரத்தைந்நூறு மணி ஓடுமானால் மணிக்கு இருபத்தோரு ரூபாய், மலிவானதற்கோ முப்பது ரூபாய். இதற்குமேல் பெட்ரோல் இருக்கிறது. மணிக்குக் கால் லிட்டர் மட்டுமே கூடுதலாகக் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், லிட்டர் நூறு ரூபாய் கணக்கில் ஆண்டுக்கு இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் புகையாகிப் போகிறது. இரண்டு யந்திரங்களின் விலை வித்தியாசமே ஏறத்தாழ அவ்வளவுதான். நான் கொண்டவை உதாரண எண்கள். ஒவ்வொருவரும் தம்முடைய மணிக்கணக்கை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு நூறு மணிக்குக் கீழே என்றால் மலிவானதும், ஐந்நூறுக்கு மேலே என்றால் உயர்ந்ததும் பொருந்தும் என்பதே பெரும்பாலும் விடையாக வரும். நடுவே இருப்பவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லுகிறவர் உள்ளூர் மெக்கானிக்.

ஏனென்றால் பழுது பார்க்க முடியாத யந்திரம் எவ்வளவு உயர்ந்ததானாலும் அறுவடைக் காலத்தில் இரும்புச் சுமைதான். மலிவு யந்திரங்களுக்கு ஒரு மறுக்கமுடியாத சௌகரியம் உண்டு. மேலே எந்தப் பெயரை ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது அந்த 1ஈ44எஃப் போன்ற ஒரு சில பொது அமைப்புகளே. ஆகவே ஒன்றின் பிஸ்டனும் கார்புரேட்டரும் கிளட்சும் மற்றொன்றுக்குப் பொருந்தும். சிறு ஊர்க் கடையிலும் ஸ்பேர் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பெரிய கம்பெனிகளின் ஸ்பேர் விலை கூடுதல். அந்தக் கம்பெனியின் முகவரிடமே வாங்க வேண்டும். 1926இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் தொடங்கிய நிறுவனமும், 1689இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகப் பிறந்து பின்னர் தோட்டக் கருவிகளுக்கு வந்த ஸ்வீடனின் ஹஸ்க்வர்னாவும் தங்கள் பெயரை நிலைநாட்டியது, விற்ற யந்திரத்துக்குப் பல ஆண்டுகள் கழித்தும் உறுப்பு கொடுக்கும் ஏற்பாட்டினாலும்தான். அந்த ஏற்பாடு நம் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்துக்குள் இருக்கிறதா என்பதை விசாரித்த பிறகே பெயருக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

விலையால் தீராத சில தீங்குகளும் உண்டு. 42 சென்டிமீட்டர் விட்டத்தில் நிமிடத்துக்கு 5,250 சுற்றுகள் சுழலும் நைலான் கயிற்றின் நுனி வினாடிக்கு 115 மீட்டர், அதாவது மணிக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. அது இளம் மாங்கன்றின் அடித்தண்டைச் சுற்றி ஒருமுறை உரசினாலே பட்டையும், அதன் உட்புறத்தில் இலை சமைத்த உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் திசுவும் வளையமாக அறுந்துபோகும். கன்று சில மாதங்கள் பச்சையாகவே நின்று, வேர் பட்டினி கிடந்து, பிறகு காயும். தென்னையின் அடிமரத்தில் தகடு பட்டுக் காயம் உண்டானால், அக்காயத்தின் மணத்தை நாடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். அதன் புழுக்கள் உள்ளே குடைந்து மரத்தையே சாய்த்துவிடும். ஆகையால் மரத்தின் அடியில் இரண்டு மூன்று அடி வட்டத்தைக் கையால் சுத்தம் செய்துவிட்டு, வெட்டிய களையையே அதில் மூடாக்காகப் பரப்புவது நல்லது. ஈரமும் தங்கும், யந்திரமும் அணுகாது. கல்லும் ஒட்டாஞ்சில்லும் அந்த வேகத்தில் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணியாமல் யந்திரத்தைத் தொடவே கூடாது.

பாட்டரியில் ஓடும் கருவிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மாடித்தோட்டத்துக்கும் வேலி கத்தரிப்பதற்கும் அவை உகந்தவை. அதிர்வும் ஓசையும் குறைவு, புகை இல்லை. ஆனால் சிசியில் நடக்கும் மோசம் இங்கே வோல்ட்டில் நடக்கிறது. லித்தியம் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழுவதும் ஏற்றிய நிலையில் அதுவே 21 என்று காட்டும். அதே ஐந்து செல் பெட்டியின்மேல் 48 என்றும் 88 என்றும் ஒட்டி விற்கிறார்கள். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கிய வாட்-மணி என்ற எண்ணைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு. கோடையில் பாட்டரியைத் தகரக் கொட்டகையில் வைக்காதிருப்பது அதைவிட முக்கியம், உஷ்ணத்தில் லித்தியம் செல் வெகு விரைவில் கிழடு தட்டிவிடும்.

யந்திரமே வேண்டாத இடங்களும் இவ்வட்டாரத்தில் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் துளசியும் மலரும் வளர்த்ததாக வழங்கும் நந்தவனத்தைப் போன்ற நெருக்கமான பூந்தோட்டத்தில் களைக்கொத்தும் கையுமே தக்க கருவிகள். செண்பகத்தோப்பை ஒட்டிய தோப்புகளில் இன்னொரு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது. 1988இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அம்மலையில் வாழும் சாம்பல் நிற மலை அணில் தரையில் இறங்கி நடப்பதை விரும்புவதில்லை. ஒரு மரத்தின் கிளையிலிருந்து அடுத்த மரத்தின் கிளைக்குத் தாவியே உணவு தேடுகிறது, கூடு கட்டுகிறது. அடிவாரத்து மாவும் புளியும் கிளை கோத்து நிற்கும்வரை அதற்கு வழி உண்டு. கைவாளால் ஒரு கிளையை அறுக்க ஆகும் நேரத்தில் இருபது கிளைகளை இறக்கிவிடும் சங்கிலி வாள், அந்த வழியை ஒரே முற்பகலில் அறுத்துவிட வல்லது. அதைக் கையில் எடுப்பதற்கு முன் எந்தக் கிளை இரு மரங்களை இணைக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக் குறித்துக்கொள்வது அவசியம்.

வேளாண் யந்திரமயமாக்கலுக்கான மத்திய அரசின் துணை இயக்கம் 2014-15ஆம் ஆண்டில் தொடங்கியது முதல், நம் மாநிலத்து வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக இத்தகைய கருவிகளுக்குப் பொதுவாக 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் கிடைத்துவருகிறது. மானியம் பெறும் யந்திரங்கள் மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலும் ஆந்திரத்துக் கார்லதின்னேயிலும் உள்ளவை போன்ற பரிசோதனை நிலையங்களில் ஓட்டிப் பார்க்கப்படுகின்றன. அறிக்கையில் சக்தி, எரிபொருள் செலவு, அதிர்வு, காதருகே ஓசை ஆகியவை பதிவாகின்றன. அந்த அறிக்கையைக் கேட்டுப் படிக்கும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. துறையினரிடம் நான் வேண்டுவது ஒன்றே: அறிக்கையில் புதைந்து கிடக்கும் அதிர்வு எண்ணையும் ஓசை எண்ணையும், நாளுக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கலாம் என்ற குறிப்போடு, யந்திரத்தின் கைப்பிடிக்கு அருகிலேயே தமிழில் பொறிக்கும்படி செய்ய வேண்டும். தோப்புக்காரர்களிடம் வேண்டுவது, யந்திரத்தோடு கூடவே ஒரு ஜதைக் கையுறையும் காதுமூடியும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்து, ஒரே ஆள் நாள் முழுவதும் பிடிக்காமல் இருவர் மாறி மாறிப் பிடிக்கும்படி வேலையைப் பங்கிட வேண்டும் என்பது.